குளோரின் சிதைவு போஸ்டர்: 9 வரைபடங்களில் எதை வைப்பது, எதை விடுவது?

நீர்க்குமிழி

குடிநீர் அறிவியல் மாணவர் ஆய்வுப் போஸ்டர் போட்டிக்கு ஏ0 அளவில், நெடுவாக்கில் ஒரு போஸ்டர் தயாராகிறது. இன்னும் 12 நாள் இருக்கிறது. ஒவ்வொரு போஸ்டருக்கும் நடுவர்கள் 5 நிமிடம் தருகிறார்கள்: 2 நிமிடம் விளக்கம், 3 நிமிடம் கேள்வி.

ஆய்வு இதுதான். மணல் வடிகட்டியைத் தாண்டிய நீர் ஒன்று. அதே நீரைக் கரிப்படுகை (ஆக்டிவேட்டட் கார்பன்) வழியாக விட்டது இன்னொன்று. இரண்டிலும் கட்டற்ற குளோரின் (அம்மோனியா போன்றவற்றோடு சேராமல் தனித்திருக்கும் குளோரின்) எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற ஒப்பீடு. சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் 3 மி.கி./லி. அளவு கொடுத்து, 1 லிட்டர் பழுப்புக் குப்பியில் 20 டிகிரி, 30 டிகிரி இரண்டிலும் இருட்டில் வைத்தேன். 0, 1, 2, 4, 8, 24, 48, 72 மணிகளில் அதே குப்பியிலிருந்து மாதிரி எடுத்து, டிபிடி பொடியும் (குளோரின் பட்டால் இளஞ்சிவப்பாகும்) கையடக்க மானியும் கொண்டு ஒவ்வொரு வேளையும் மூன்று முறை அளந்தேன். குளோரின் அளவின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்து, நேர்கோட்டுச் சாய்விலிருந்து சிதைவு மாறிலி கே (குறையும் வேகத்தைச் சொல்லும் எண்) எடுத்தேன். ஆர்-ஸ்கொயர் (கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பது; 1 என்றால் முழுப் பொருத்தம்) கரிநீருக்கு, அதாவது கரிப்படுகை தாண்டிய நீருக்கு, 0.96, மணல் வடிகட்டிய நீருக்கு 0.91.

சந்தேகங்கள்:

இருக்கும் 9 வரைபடங்களில் எத்தனை போடலாம்? 0.91 என்பதை நடுவர்கள் குறையாகப் பார்ப்பார்களா? எரர் பார் (அளவீட்டின் சிதறலைக் காட்டும் சிறுகோடு) மிகச் சிறியதாக இருப்பதால் புள்ளிக்குள்ளேயே மறைந்துவிடுகிறது, எடுத்துவிடலாமா? 0 மணியில் 3.0 வரவேண்டிய இடத்தில் 2.2 தான் வந்தது. உடனடித் தேவை (விட்டவுடனே நீரிலுள்ள பொருள்கள் தின்றுவிடும் குளோரின்) என்று எழுதினால் போதுமா? மணல் வடிகட்டிய நீரில் 72 மணியில் பூஜ்யம் காட்டியது. பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது என்பதால் 0.01 என்று போட்டிருக்கிறேன். எழுத்து அளவு எவ்வளவு?

பியூரெட்

போஸ்டரை ஓரமாக வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்த 2.2.

கையடக்க மானிகள் பலவற்றின் குறைநெடுக்கம் (குறைந்த அளவுகளுக்கான அளவீட்டு வரம்பு) 2.00 மி.கி./லி. வரைதான். அதைத் தாண்டினால் மானி தன் உச்ச எண்ணைக் காட்டி மின்னும், அல்லது அங்கேயே நின்றுவிடும். உங்கள் மூலக்குறிப்பேட்டில் 0 மணிக்கான மூன்று எண்களையும் பாருங்கள். 2.20, 2.20, 2.20 என்று இருந்தால் அது அளவீடு இல்லை, மானியின் கூரை. உண்மையான அளவீடு மூன்று முறையும் கடைசி இலக்கம் வரை ஒன்றுபோல வருவது அரிது. இரண்டு நீருக்கும் 0 மணியில் ஒரே எண் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இதன் விளைவு ஒரு புள்ளியோடு நிற்காது. தொடக்கம் வெட்டப்பட்டதால் கோட்டின் தலை தாழ்ந்து, சாய்வு குறைந்து, கே குறைவாக வரும். குளோரின் மிக வேகமாகக் குறையும் முதல் கட்டம் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

சரியாக அளக்க நீர்த்துத்தான் அளக்க வேண்டும். குளோரின் தேவையற்ற நீர் (குளோரினைத் தின்னும் பொருள் எதுவும் இல்லாத நீர்) 5 மி.லி.யைக் குழாயில் எடுத்து, டிபிடி பொடியைக் கரைத்து, அதன் பிறகு மாதிரி 5 மி.லி.யை விட்டுக் கலக்கி, வந்ததை 2 ஆல் பெருக்குங்கள். சாதாரண வாலைவடிநீரில் கரிமப்பொருள் இருந்தால் அதுவே குளோரினைத் தின்றுவிடும் என்பதால் நீர்ப்பதற்கான நீரை முன்பே சோதிக்கவும். கட்டற்ற குளோரினை 1 நிமிடத்துக்குள் படிக்க வேண்டும்; தாமதித்தால் குளோரமின் (அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின்) இருக்கும் நீரில் நிறம் மெல்ல ஏறும். இன்னொன்றும் உண்டு: குளோரின் மிக அதிகமானால் இளஞ்சிவப்பு நிறமே வெளுத்து, குறைவாக இருப்பதுபோல ஏமாற்றும். உங்கள் 3 மி.கி.யில் அந்த அபாயம் குறைவு. ஆனால் மூலக்கரைசலை இப்படிச் சோதிப்பவர்கள் அடிக்கடி விழும் குழி அது.

அடுத்து எரர் பார். அது ஏன் மறைகிறது தெரியுமா? ஒரே குப்பியிலிருந்து மூன்று முறை எடுத்துப் படித்தால் தெரிவது மானியும் உங்கள் கையும் எவ்வளவு சீராக இருக்கின்றன என்பது மட்டும். அது மூன்று ரெப்ளிகேட் (தனித்தனியாகத் திரும்பச் செய்த சோதனை) ஆகாது, ஒரு ரெப்ளிகேட்டின் மூன்று வாசிப்பு. கலக்கியது ஒருமுறை, குளோரின் விட்டது ஒருமுறை, குப்பியும் ஒன்று. நீர் அறிவியலில் பழகிய நடுவர் முதலில் கேட்பதே “மூன்று என்றால் எதில் மூன்று?” என்றுதான். எரர் பாரை எடுத்துவிட்டால் கேள்வி இன்னும் சீக்கிரம் வரும்.

ஒரே குப்பியைத் திரும்பத் திரும்பத் திறந்ததும் சிக்கல்தான். 8 வேளை, வேளைக்கு மூன்று 10 மி.லி. என்றால் 240 மி.லி. போயிருக்கும். குப்பியில் கால் பங்கு காற்று. குளோரின் கொஞ்சம் அந்த இடத்துக்கு வெளியேறும். பிபெட் நுனியோடு போகும் அழுக்கு இன்னும் கொஞ்சத்தைத் தின்னும். ஒரு நேரப்புள்ளிக்கு ஒரு சிறு குப்பி என்று வைத்து, திறந்ததை அளந்து கொட்டிவிடுவதுதான் முறை.

72 மணிப் பூஜ்யத்துக்கு 0.01 போட்டது ஆபத்து. 0.01-ன் இயற்கை மடக்கை -4.6, அதையே 0.02 என்று போட்டிருந்தால் -3.9. நீங்கள் கையால் எழுதிய ஓர் எண் கோட்டின் வாலைப் பிடித்து இழுக்கிறது. ஆர்-ஸ்கொயர் 0.91 ஆனதற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம். கண்டறியும் எல்லைக்குக் கீழே போனதை “எல்லைக்குக் கீழ்” என்று வெற்று வட்டமாகக் காட்டுங்கள், கோடு பொருத்துவதில் சேர்க்காதீர்கள்.

கரிப்படுகை

பியூரெட் சொன்னதெல்லாம் அளக்கும் பக்கம். நீரின் பக்கம் நான்கு விஷயங்களைக் கேட்கிறேன்.

கரித்தூள். புதிய படுகையிலிருந்து நுண்ணிய கரித்தூள் வந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குளோரினைக் கரி நேரடியாகவே ஒடுக்கிவிடும். எனவே தூள் குப்பிக்குள் போனால் கரிநீரில் குளோரின் வேகமாகக் குறைவதுபோலத் தெரியும். உங்கள் முடிவே தலைகீழாகலாம். படுகையை முதலில் கீழிருந்து மேலாகத் தெளியும்வரை அலசி, முதலில் வரும் நீரைக் கொட்டிவிட்டு, பிறகு 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள். வடிதாளும் கரிமப்பொருளை விடும் என்பதால் அதை முன்பே தூயநீரால் அலசவும். முக்கியம்: மணல் வடிகட்டிய நீரும் அதே வடிதாள் வழியாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிடுவது கரியையா, வடிதாளையா?

பிஎச். புதிய கரி தொடக்கத்தில் பிஎச்சை ஏற்றிவிடும். ஹைப்போகுளோரைட்டும் தன் பங்குக்கு ஏற்றும். 25 டிகிரியில் பிஎச் 7.5 அருகே ஹைப்போகுளோரஸ் அமிலமும் ஹைப்போகுளோரைட் அயனியும் சரிபாதி. அதற்கு மேலே போகப் போக வினைத்திறன் குறைந்த அயனி மிகும். இரண்டு நீரின் பிஎச் வேறுவேறாக இருந்தால் வேறுபாட்டுக்குக் காரணம் கரியா பிஎச்சா என்று பிரிக்க முடியாது. பிஎச்சை மாறாமல் வைக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசலால் இரண்டையும் 7.5-ல் நிறுத்தி, தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து எழுதுங்கள்.

அம்மோனியா. 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனை முழுக்க ஆக்சிஜனேற்றக் கோட்பாட்டளவில் 7.6 மி.கி. குளோரின் வேண்டும். நீரில் 0.4 மி.கி./லி. இருந்தாலே உங்கள் 3 மி.கி. காலி. கரி அம்மோனியாவைப் பரப்பில் பிடிப்பது மிகக் குறைவு. ஆகவே மொத்தக் குளோரினையும் சில வேளைகளில் அளந்து வையுங்கள் (பொட்டாசியம் அயோடைடு சேர்த்து 3 நிமிடம் பொறுத்துப் படிப்பது). கட்டற்றது குறைந்து மொத்தம் அப்படியே நின்றால் குளோரின் எங்கும் போகவில்லை, குளோரமினாக உட்கார்ந்திருக்கிறது.

கடைசியாகத் தொடுநேரம். “கரிப்படுகை வழியாக விட்டது” என்று மட்டும் எழுதினால் ஒன்றும் சொல்லாததற்குச் சமம். உள்விட்டம் 2.5 செ.மீ., படுகை உயரம் 10 செ.மீ. என்றால் கொள்ளளவு 49 மி.லி.; நிமிடத்துக்கு 5 மி.லி. ஓட்டம் என்றால் வெற்றுப்படுகைத் தொடுநேரம் சுமார் 10 நிமிடம். அதோடு, மாதிரி எடுக்கும்போது எத்தனை படுகைக் கொள்ளளவு நீர் ஏற்கெனவே கடந்திருந்தது என்பதும் வேண்டும். புதுக் கரியும் களைத்த கரியும் ஒன்றல்ல.

யூவி-254 உறிஞ்சல் (254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை நீரிலுள்ள கரிமப்பொருள் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது) அளக்க வசதி இருந்தால் இரண்டு நீருக்கும் ஒரே ஓர் எண் எடுத்துப் போடுங்கள். கரி எதை எடுத்தது என்பதற்கு அதைவிட மலிவான சான்று இல்லை.

நீர்க்குமிழி

குறிப்பேட்டைப் பார்த்தேன். 0 மணியில் இரண்டு நீருக்கும், இரண்டு வெப்பநிலையிலும் 2.20 தான். 1 மணியில் கரிநீருக்கும் 2.20. பிஎச் தொடக்கத்தில் மட்டும் அளந்தது: மணல் வடிகட்டிய நீர் 7.4, கரிநீர் 8.3. அம்மோனியா அளக்கவில்லை. கரிநீர் வடிகட்டப்படவில்லை.

12 நாளில் எதைத் திரும்பச் செய்யலாம்? அச்சுக்கு 3 நாள் முன்பே கொடுக்க வேண்டும். இன்னொரு சங்கடம், பழைய கே மதிப்புகளோடு சுருக்கவுரை ஏற்கெனவே போய்விட்டது.

பியூரெட்

7.4, 8.3 என்றால் பழைய தரவைக் காப்பாற்ற முயல வேண்டாம். 9 நாள் கையில் இருக்கிறது, ஒரு சோதனை ஓட்டத்துக்கு 72 மணி. தாராளமாகப் போதும், ஆசையைக் குறைத்தால். 30 டிகிரியை விட்டுவிடுங்கள். ஒரு வெப்பநிலை, இரண்டு நீர், ஒரு கண்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கத் தூயநீர்).

நாள் 1, 2: குப்பி தயாரிப்பு. 100 மி.லி. பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள், டெஃப்லான் உட்பரப்பு மூடி. கழுவி, 10 மி.கி./லி. குளோரின் கரைசலால் வாய்வரை நிரப்பி ஒரு நாள் வைத்து, குளோரின் தேவையற்ற நீரால் அலசிக் கவிழ்த்துங்கள். இதைத் தவிர்த்தால் குப்பிச் சுவரில் ஒட்டியிருக்கும் சோப்பும் அழுக்கும் முதல் ஒரு மணியில் குளோரினைக் குடித்துவிடும். அது குப்பிக்குக் குப்பி மாறும்.

அதே நாட்களில் மூலக்கரைசலைத் தரப்படுத்துங்கள். ஹைப்போகுளோரைட் வைத்திருக்க வைத்திருக்க வலுவிழக்கும், லேபிளை நம்பக்கூடாது. 1000 மி.கி./லி. என்று நினைத்துத் தயாரித்ததில் 10 மி.லி. எடுத்து, அசெட்டிக் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து, 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம்பாருங்கள் (நிறம் மறையும்வரை சொட்டுச்சொட்டாக விட்டு, பிடித்த அளவைப் பார்ப்பது). ஸ்டார்ச்சை வெளிர்மஞ்சள் வந்த பிறகு விடவும். 1 மி.லி. தயோசல்பேட் 0.886 மி.கி. குளோரினுக்குச் சமம். கரைசல் சரியாக 1000 என்றால் 11.3 மி.லி. பிடிக்கும். 9.5 பிடித்தால் 842 தான் இருக்கிறது, அதற்கேற்பக் கணக்குப் போட்டு விடுங்கள்.

நாள் 3: குளோரின் இடுதல். ஒவ்வொரு நீரிலும் மூன்று தனித்தனித் தொகுதி, தனித்தனியாக அளந்து, தனித்தனியாகக் குளோரின் விட்டது. இதுதான் உங்கள் மூன்று. ஒரு தொகுதிக்கு 10 நிமிடம், 1, 2, 4, 8, 24, 48, 72 மணி என 8 குப்பி. 100 மி.லி. என்று எழுதிய குப்பி வாய்வரை நிரப்பினால் அதற்கு மேலும் பிடிக்கும். எனவே தொகுதியை 1.2 லிட்டராக வைத்து 3.6 மி.லி. மூலக்கரைசல் விடுங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் வழிய வழிய நிரப்பி மூடவும். நேரக் கணக்கு குளோரின் விட்ட கணத்திலிருந்து, மூடிய கணத்திலிருந்து அல்ல. இரண்டு தொகுதிகளுக்கு நடுவே 15 நிமிட இடைவெளி விட்டால் படிக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று விழாது.

கண்ட்ரோல்: தாங்கல் கரைசல் சேர்த்த தூயநீரில் அதே 3 மி.கி./லி., மூன்று தொகுதி, 10 நிமிடம், 24, 72 மணி மட்டும். 48 குப்பியும் 9 குப்பியும் சேர்ந்து 57. உடைந்தால் மாற்ற ஐந்தாறு அதிகம் தயாரியுங்கள். கண்ட்ரோலில் குளோரின் கணிசமாகக் குறைந்தால் பிரச்சினை நீரில் இல்லை, குப்பியில்.

2 மி.கி.க்கு மேல் இருக்கும் என்று தோன்றும் எல்லாவற்றையும் நீர்த்து அளக்கவும். பின்னால் 2-க்குக் கீழே வந்ததும் நேரடியாகப் படிக்கலாம். ஆனால் மாறும் இடத்தில் ஒரு குப்பியை இரண்டு விதமாகவும் அளந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள்.

வரைகோடு

கணக்கிடுவதிலும் ஒரு மாற்றம் வேண்டும். மடக்கை எடுத்து நேர்கோடு பொருத்தாதீர்கள். உங்கள் மானியின் பிழை ±0.05 என்று வையுங்கள். 2.0-ல் அது மடக்கையில் 0.025 தான். 0.1-ல் அதே பிழை மேல்பக்கம் 0.4, கீழ்ப்பக்கம் 0.7. அதாவது நம்பிக்கை குறைந்த புள்ளிகளுக்குக் கோட்டை இழுக்கும் வலு அதிகமாகிவிடுகிறது. விரிதாளில் ஒரு நிரலில் நேரம், அடுத்ததில் அளந்த அளவு, மூன்றாவதில் அடுக்குக்குறிச் சமன்பாடு தரும் அளவு, நான்காவதில் இரண்டின் வித்தியாசத்தின் வர்க்கம். அந்த வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும்படி தொடக்க அளவையும் கே-யையும் சால்வர் (விரிதாளிலேயே இருக்கும் தேடல் கருவி) கொண்டு தேடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

மணல் வடிகட்டிய நீருக்கு ஒரே கே பொருந்தாமல் போகலாம்: முதல் சில மணியில் செங்குத்தாக விழுந்து, பிறகு மெதுவாகும். அப்போது இரண்டு கட்டச் சமன்பாடு போடத் தோன்றும். என் கருத்து, வேண்டாம். வேகமான கட்டத்தில் உங்களுக்கு மூன்று நான்கு புள்ளிதான்; அதை வைத்து இரண்டு மாறிலியும் ஒரு பங்கும் கண்டுபிடித்தால் கோடு அழகாகப் பொருந்தும், எண்களுக்கு அர்த்தம் இருக்காது. 4 மணிக்குப் பிந்தைய பகுதிக்கு மட்டும் ஒரு கே, முதல் 4 மணியில் தீர்ந்த குளோரின் எவ்வளவு என்று ஒரு தனி எண். இந்த இரண்டும் போதும், வாயால் விளக்கவும் எளிது.

எரர் பார் என்ன என்று படத்துக்குக் கீழே எழுதுங்கள். மூன்று தொகுதி மட்டும் இருக்கும்போது 95 சதவீத நம்பக வரம்பு, சராசரிக்கு இருபுறமும் திட்டவிலக்கத்தைப்போல சுமார் 2.5 மடங்கு நீளும். பெரியதாகத் தெரியும். பரவாயில்லை, காட்டுங்கள்.

இப்போது 9 வரைபடக் கேள்வி. ஒன்று. ஏ0-வின் நடுவில், 50 செ.மீ. அகலத்தில், ஒரே வரைபடம்: மேல்நோக்கி குளோரின் (மடக்கை அல்ல, நேரடி மி.கி./லி.), கிடைமட்டத்தில் மணி, மணல் வடிகட்டிய நீர், கரிநீர், கண்ட்ரோல் மூன்றும். 0.2 மி.கி./லி.யில் ஒரு கிடைக்கோடு. பயனர் குழாயில் குறைந்தது இவ்வளவு எச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒவ்வொரு வளைகோடும் அந்தக் கோட்டை எத்தனையாவது மணியில் வெட்டுகிறது என்று அம்புக்குறி போட்டு எழுதுங்கள். கே மதிப்பு 0.058 என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. 12 மணிக்கொருமுறை பாதியாகிறது என்றால் உடனே புரியும். பக்கத்தில் சிறியதாக யூவி-254 பட்டைப்படம், ஒரு பிஎச் அட்டவணை. மற்றதெல்லாம் ஏ4 தாளில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள், கேட்டால் காட்ட.

எழுத்து: தலைப்பு 90 புள்ளி, உட்தலைப்பு 44, உரை 30, அச்சுப் பெயர்களும் எண்களும் 24-க்குக் குறையாமல். சொற்கள் மொத்தம் 500-க்குள். சோதிக்க எளிய வழி: முழுப் போஸ்டரையும் ஏ4-ல் அச்சடியுங்கள். ஏ0 நீளவாக்கில் நான்கில் ஒன்றாகச் சுருங்கினால் ஏ4. 30 புள்ளி 7.5 ஆகிவிடும். கை நீட்டிய தூரத்தில் அதைப் படிக்க முடிந்தால் கூடத்தில் நின்றும் படிக்கலாம்.

பக்க அளவை 84.1 க்கு 118.9 செ.மீ. என்று தொடங்கும்போதே அமையுங்கள். ஏ4-ல் செய்து கடைசியில் பெரிதாக்கினால் கோடுகளும் படங்களும் கண்டபடி மாறும். வரைபடத்தைத் திரைப்பிடிப்பாக ஒட்டாமல் வெக்டராக ஏற்றுமதி செய்யுங்கள். ஒளிப்படம் என்றால் 20 செ.மீ. அகலத்துக்கு 300 டிபிஐ கணக்கில் 2362 பிக்சல். சிவப்பும் பச்சையும் மட்டும் வைத்து வளைகோடுகளைப் பிரிக்காதீர்கள். வட்டம், சதுரம், முக்கோணம் என வடிவமும் மாறட்டும். பிடிஎஃப்பில் எழுத்துருக்களை உள்பொதித்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்பது அங்கேதான் தெரியவரும். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், மேல்விளக்கு அப்படியே பிரதிபலித்து நடு வரைபடத்தை மறைத்துவிடும்.

கரிப்படுகை

வரைகோடு சொன்ன கிடைக்கோடு நல்ல யோசனை, ஒரு எச்சரிக்கையோடு. அளந்தது குப்பிக்குள் நடக்கும் சிதைவு. குழாயில் சுவர்த்துருவும் உயிர்ப்படலமும் தனியாகக் குளோரினைத் தின்னும். எனவே “கரிநீர் இத்தனை மணிநேரம் குழாயில் பாதுகாப்பாக இருக்கும்” என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். “குப்பியில், 20 டிகிரியில், பிஎச் 7.5-ல்” என்ற மூன்றும் முடிவு வாக்கியத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி நேரத்தில் இன்னொன்று நிச்சயம் வரும்: இரண்டு நீருக்கும் ஏன் ஒரே அளவு குளோரின்? நடைமுறையில் தேவைக்கேற்ப அளவை மாற்றி, எச்சத்தைத்தானே சமமாக வைப்பார்கள்? நியாயமான கேள்வி. “ஒரே அளவு போட்டால் கரி மிச்சப்படுத்திய குளோரின் எவ்வளவு என்று நேரடியாகத் தெரியும், ஒரே எச்சம் என்பது அடுத்த சோதனை” என்று ஒரு வரியில் சொல்லுங்கள். சமாளிக்க வேண்டாம், அது உண்மையான வரம்புதான்.

நீர்க்குமிழி

குப்பிகள் இன்று மாலை ஊறப் போகின்றன. சுருக்கவுரையில் போன பழைய எண்களுக்கு என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி.

பியூரெட்

அமைப்பாளர்களுக்கு இன்றே இரண்டு வரி எழுதிவிடுங்கள், திருத்த முடிந்தால் திருத்துவார்கள். முடியாவிட்டாலும், போஸ்டரில் முறைகள் பகுதியின் அடியில், உரை அளவிலேயே, 30 புள்ளியில்: “சுருக்கவுரையில் உள்ள கே மதிப்புகள் மானியின் நெடுக்கத்தைத் தாண்டிய வாசிப்புகளிலிருந்து பெறப்பட்டவை, கரிநீரின் பிஎச்சும் சமன்செய்யப்படவில்லை. இங்குள்ளவை நீர்த்து அளந்து, மூன்று தனித்தொகுதிகளில் மீண்டும் பெற்றவை.” 20 புள்ளியில் மூலையில் போடாதீர்கள், ஒளித்தது போலிருக்கும்.